கழுத்தில் தொங்கும் கணக்கு

இலங்கைத் தேயிலை மலைகளுக்கு ஆள் சேர்த்த காலத்தில், தமிழகத்துக் கிராமத்தை விட்டுப் புறப்பட்டவருக்குத் தோட்டத்தின் பெயரால் கிடைத்த முதல் பொருள் ஒரு தகர வில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு அது. சிறிய உலோகத் தகட்டில் தோட்டத்துக்குரிய எண்ணும் ஆளுக்குரிய எண்ணும் குத்தப்பட்டிருக்கும். நூலில் கோத்துக் கட்டிக்கொண்டால் போதும். கப்பலுக்கும் ரயிலுக்கும் சோற்றுக்கும் வழியில் யாரும் காசு கேட்கமாட்டார்கள். அந்தச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் அதை, ஆள் சேர்த்துவந்த கங்காணியின் பற்றில் எழுதும். கங்காணி அதை ஆளின் தலையில் எழுதுவார். மலையேறி வந்து சேர்ந்த அன்றைக்கே கடன் தொடங்கிவிடும்.

வில்லை தொங்கிய அதே கழுத்தில் தாலி இருந்தது, கருகமணி இருந்தது, பயத்துக்குக் கட்டிய தாயத்து இருந்தது. தாலியும் தாயத்தும் அணிந்தவருக்குச் சொந்தம். வில்லையை அணிந்தவரால் வாசிக்கவும் முடியாது, அதில் ஓர் எழுத்தை மாற்றவும் முடியாது. உடம்பில் ஏறும் பொருள்கள் இப்படி இரண்டு வகை: ஒன்று அணிபவருக்காக, மற்றொன்று எண்ணுபவருக்காக. பதுளையையும் ஊவாத் தோட்டங்களையும் சுற்றிக் கடந்த நூறு ஆண்டுகளில் மனிதர் மீதும் விலங்கு மீதும் ஏறிய நகைகளையும் கருவிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இந்த இரண்டு வகையும் எங்கே பிரிகின்றன, எங்கே கலக்கின்றன என்பது துலங்குகிறது. தொழில்நுட்பச் செய்திகள் நாளும் வந்து குவியும் இக்காலத்தில் அதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நகை. பிளேட், ஸ்கீன் முதலான கொழும்புப் படப்பிடிப்பு நிறுவனங்கள் வெளியிட்ட பழைய அஞ்சலட்டைகளை உலகெங்கும் சேகரிப்போர் இன்றைக்கும் ஏலத்தில் வாங்குகிறார்கள். கூடையோடு நிற்கும் தோட்டத்துப் பெண்களின் படங்கள் அவற்றில் நிறைய. காது மடல் தோளைத் தொடும் அளவுக்குத் தொங்கும். அதில் கனத்த காதணி. மூக்கின் இரு பக்கமும் மூக்குத்தி. கையில் முழங்கை வரைக்கும் காப்பு, காலில் தண்டை. படத்தின் அடியில் மட்டும் அந்தப் பெண்ணின் பெயர் இராது. 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்பவள்' என்ற வகைப்பெயர்தான் அச்சாகியிருக்கும். நகையின் ஒவ்வொரு வளைவும் துல்லியமாக விழுந்த படத்தில் அணிந்தவரின் பெயருக்கு இடமில்லாமல் போனது.

ஆண்களும் அணிந்தார்கள். கடுக்கன், தலைப்பாகை, கோட்டு, கையில் பிரம்பு என்பது பெரிய கங்காணியின் கோலம். தெமோதரை ரயில் வளையத்தைப் பற்றி மலையகம் முழுக்கச் சொல்லப்படும் கதை அந்தத் தலைப்பாகையில்தான் தொடங்குகிறது. சரிவு மிக அதிகமான இடத்தில் பாதையை எப்படி இறக்குவது என்று பொறியியலாளர் திகைத்து நின்றபோது, ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டியதைப் பார்த்து வழி பிறந்ததாம். கதையில் வரும் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை என்று பெயர் பெற்றவர். செவிவழிக் கதைதான். ஆனால் நிலையத்தை விட்டுக் கிளம்பும் ரயில் ஒரு முழு வட்டம் அடித்து அதே நிலையத்துக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைவது கண்ணால் காணும் உண்மை. 1924 ஏப்ரலில் பதுளை நிலையம் திறக்கப்பட்டதோடு மலைநாட்டுப் பாதை முடிவடைந்தது. இன்று ரயில் பித்தர்கள் தெமோதரைக்கும் எல்ல ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் கமெராவும் ட்ரோனும் கொண்டு வருகிறார்கள். வண்டி எண், என்ஜின் வகை, வளைவின் ஆரம் என்று அவர்கள் குறித்துவைக்கும் விவரங்களோடு, பாதை வெட்டியவர்களின் பெயர்களையும் தேடத் தொடங்கினால் மலையக வரலாற்றுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

தோட்டத்தில் நகை அழகுக்கு மட்டும் வாங்கப்படவில்லை. வரிசைக் குடியிருப்பான லயத்து அறை கம்பெனிக்குச் சொந்தம், நிலம் அரசுக்குச் சொந்தம் என்றிருந்த இடத்தில், குடும்பம் தன்னுடையது என்று சொல்லி அடகு வைக்கக்கூடிய பொருள் பொன் ஒன்றுதான். தீபாவளி முற்பணத்திலும் சீட்டுப் பணத்திலும் குருவி சேர்ப்பதுபோல் சேர்த்து ஒரு தோடு, ஒரு சங்கிலி. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம், மகளின் பெரியபிள்ளைச் சடங்கு, ஆஸ்பத்திரிச் செலவு என்று எது வந்தாலும் அது பதுளை பசார் வீதிக்கோ பண்டாரவளைக்கோ போய்விட்டு வரும். சில வேளை வராமலும் போகும். விலையைத் தோட்டத்துக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது; 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. 2025 இன் பிற்பகுதியில் ஒரு பவுண் பொன் மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டியது. மூன்று லட்சம் என்றே வைத்தாலும், அன்றைய 1,350 ரூபாய் வீதம் 222 பேர், அதாவது 222 நாள் வேலை, போட வேண்டியிருந்தது. சோறு, துணி, மருந்து எதற்கும் ஒரு சதம் எடுக்காமல், எட்டுக் கிராம் பொன்னுக்கு மட்டும் 222 நாள் கொழுந்து.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைத்தொலைபேசிக்கு மாறியபோது இந்தப் பொன் வேறு வடிவம் எடுத்தது. நகையை வைத்துப் போன் வாங்கிய குடும்பங்கள் தோட்டந்தோறும் உண்டு. போன் வந்தது, சிக்னல் வரவில்லை. ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்தில் ஓர் ஆசிரியையும் மாணவர்களும் சிறுத்தையும் யானையும் நடமாடும் காட்டு வழியே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து, பாறை உச்சியில் ஏறிப் பாடங்களை இறக்கிக்கொண்டதையும், லுணுகலைப் பக்கத்தில் சுமார் 30 அடி உயரத்தில் மரவீடு கட்டிப் பிள்ளைகளை ஏற்றியதையும் 2021 இல் உலகச் செய்தி நிறுவனங்கள் படம்பிடித்து வெளியிட்டன. பின்னர் 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கையில் தொடங்கியது. வானத்திலிருந்து வரும் அந்த இணைப்பின் மாதக் கட்டணத்தையும் நாட்சம்பளத்தில் வகுத்துப் பார்த்தால், லயத்துக் கூரையில் அந்தத் தட்டு ஏறுவதற்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பது தெரியும்.

போனுக்குள்ளும் பொன் இருக்கிறது. மின்சுற்றுப் பலகைகளின் முனைகளில் மெல்லிய பூச்சாக இருக்கும் அந்தப் பொன்னைப் பிரித்தெடுத்துத்தான் டோக்கியோ 2020 ஒலிம்பிக், பராலிம்பிக் பதக்கங்கள் செய்யப்பட்டன. ஜப்பானிய மக்கள் கொடுத்த பழைய கருவிகள் 78,985 தொன். அதில் கைத்தொலைபேசி மட்டும் சுமார் 62 லட்சம். கிடைத்த பொன் 32 கிலோ. அந்தப் பொன் இலங்கையர் ஒருவரின் கழுத்துக்கும் வந்தது: 2021 ஆகஸ்ட் 30 இல் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீட்டர் ஈட்டி எறிந்து, உலக சாதனையோடு பராலிம்பிக் தங்கம் பெற்றார். பழுதான போனைக் கழித்துக்கட்டும்போது அதற்குள் என்ன இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. மின்தடையம், மின்சுற்றுத் துண்டு, கணினி விசைப்பலகையின் எழுத்து ஆகியவற்றைக் காதணியாகவும் பதக்கமாகவும் மாற்றும் கைவினைஞர்கள் இன்று பல பெருநகரங்களில் இருக்கிறார்கள். கொழும்பில் 2015 முதல் நடக்கும் லங்கா கொமிக் கொன் போன்ற விழாக்களில் இளைஞர்கள் தங்களுக்குப் பிடித்த கதைமாந்தரின் கவசத்தையும் கிரீடத்தையும் அட்டையிலும் நுரைப்பலகையிலும் தாங்களே செய்து அணிந்து வருகிறார்கள். அங்கேயும் கழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. அணிந்தவர் விரும்பி மாட்டிக்கொண்ட அட்டை. வேண்டிய நேரம் கழற்றலாம். தகர வில்லையில் அந்த விருப்பத்துக்கு இடமில்லை.

மனிதர் விலங்கை அணிவதும் பழைய வழக்கம். புலிநகம் என்று சொல்லும் சிறுத்தை நகத்தைப் பொன்னில் பதித்துப் பிள்ளையின் கழுத்தில் கட்டுவது தமிழர், சிங்களவர் இரு தரப்பிலும் உண்டு. யானை வால்முடியில் முடிந்த மோதிரமும் காப்பும் பயம் போக்கும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. தேவாங்கு மாந்திரீகக்காரர் கையில் பட்ட பாடு தனிக்கதை. எல்லாவற்றிலும் கொடியது கஜமுத்து. யானைத் தந்தத்துக்குள் விளையும் என்று சொல்லப்படும் இந்த முத்து அதிர்ஷ்டம் தரும் என்று நம்பி வாங்க ஆள் இருப்பதால், தந்தமுள்ள யானைகள் சுடப்படுகின்றன. இலங்கையில் கொம்பன் யானை மிகச் சிலவே. ஆண் யானைகளிலும் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது. கஜமுத்தோடு பிடிபட்டவர்கள் பற்றிய செய்தியில் மொனராகலை மாவட்டத்து ஊர்ப்பெயர்கள் அடிக்கடி வருகின்றன. 1937 ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சிறுத்தையின் நகத்துக்கும் யானையின் முத்துக்கும் இடம் தரவில்லை. ஆயினும் நகம் என்று சொல்லி மாட்டுக் கொம்பைச் செதுக்கி விற்பதும், முத்து என்று சொல்லிப் பிசின் உருண்டையை விற்பதும் நடந்துகொண்டேயிருக்கின்றன. ஏமாற்றுப் பொருளானாலும் கேட்கிற ஆள் இருக்கும்வரை அசலுக்குச் சந்தை இருக்கும்.

தோட்டத்தில் சிறுத்தையின் கழுத்துக்கு வரும் பொருள் வேறு: மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி.

மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றி கிளறாதிருக்க வேலியோரம் கண்ணி கட்டுவார்கள். இறைச்சிக்காகவும் கட்டுவார்கள். பழைய கிளச்சுக் கம்பி, பிரேக் கம்பி எதுவானாலும் சுருக்கு விழும். பன்றி வரும் தடத்தில் சிறுத்தையும் வரும். 2020 மே 26 இல் நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை மீட்டுச் சிகிச்சைக்காக உடவலவைக்குக் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் இறந்துவிட்டது. நாடே வருந்தியது அரிதான கருநிறத்துக்காக. மஞ்சள் நிறச் சிறுத்தைகள் அதற்கு முன்னும் பின்னும் அதே கம்பியில் செத்திருக்கின்றன. கண்ணி கட்டியவருக்குக் கிடைக்கும் கூலியையும் அவர் பாத்தியில் இழந்த கிழங்கையும் பேசாமல் இந்தச் சாவைப் பேசுவது பாதிப் பேச்சாகிவிடும்.

சிறுத்தையை எண்ணுவதற்குக் கழுத்தில் எதையும் கட்டத் தேவையில்லை என்பது கடந்த இருபது ஆண்டுகளின் நல்ல செய்தி. அஞ்சலி வொட்சன், அண்ட்ரூ கிட்டில் இருவரும் நடத்தும் வனவிலங்கு அறக்கட்டளை, மலையகத் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய காட்டுத் துண்டுகளிலும் தானியங்கிக் கமெராக்களை மரத்தில் கட்டி வைத்து ஆராய்கிறது. விலங்கின் உடற்சூடு பட்டதும் கமெரா படமெடுக்கும். இரண்டு சிறுத்தைகளின் புள்ளிக்கோலம் ஒன்றுபோல் இராது. வலப்பக்கத்துக் கோலமும் இடப்பக்கத்துக் கோலமும்கூட வேறு வேறு. அதனால் படத்தைப் பார்த்தே இன்ன சிறுத்தை, இன்ன மலையில், இன்ன நேரம் என்று சொல்லிவிடலாம். லயத்துக்கு மேல் கால் மைலில் இரவெல்லாம் நடந்துவிட்டு ஒருவர் கண்ணிலும் படாமல் திரும்பும் சிறுத்தைகள் உண்டென்பது இந்தப் படங்களால் தெரிந்தது. பதுளை மாவட்ட எல்லையில் ஒஹியவுக்கு மேலே இருக்கும் ஹோர்ட்டன் சமவெளியில், அழிந்தே போயிருக்கும் என்று பல ஆண்டுகள் கருதப்பட்ட மலைத் தேவாங்கு 2009 இல் முதன்முறையாகப் படத்தில் விழுந்ததும் இந்த வரிசையில் சேரும். மாந்திரீகத்துக்காகத் தேடப்பட்ட பிராணியை இம்முறை படத்துக்காகத் தேடினார்கள். அது உயிரோடு இருந்தது.

யானை விடயத்தில் மட்டும் கழுத்துப்பட்டி வேண்டியிருந்தது. அகன்ற வார்ப்பட்டியில் செய்மதியோடு பேசும் கருவியைப் பொருத்தி, மயக்க ஊசி போட்டுப் படுத்த யானைக்கு மாட்டுவார்கள். இலங்கையில் இந்த ஆய்வின் முன்னோடி கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ. அவரும் தோழர்களும் 2012 இல் வெளியிட்ட ஆய்வு, 'தொந்தரவு யானை' என்று முத்திரை குத்திப் பிடித்து, லொறியில் ஏற்றிப் பூங்காவில் கொண்டுபோய் விடப்பட்ட பன்னிரண்டு ஆண் யானைகளைப் பின்தொடர்ந்தது. அதிகாரிகள் அதுவரை நம்பியது: யானையைக் காட்டில் விட்டால் பிரச்சினை தீரும். பட்டி காட்டியது வேறு. சில யானைகள் பிடித்த இடத்துக்கே திரும்பி நடந்தன. சில ஊர் ஊராக அலைந்தன. சில விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கின. தங்கிய இடத்தில் புதுச் சண்டை தொடங்கியது. செத்தவையும் உண்டு, செத்த மனிதரும் உண்டு. அதே ஆய்வாளர்களின் பிந்தைய நாடளாவிய கணக்கெடுப்பு, இலங்கையில் யானை நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு மனிதர் குடியிருக்கும் நிலம் என்று காட்டியது. தணமல்வில, வெல்லவாய, புத்தள விவசாயிக்கு இது செய்தியே அல்ல. தலைமுறைகளாக அவர்கள் சொல்லி வந்ததுதான். இப்போது யானையும் அதையே சொல்கிறது.

இங்கே வில்லைக்கும் பட்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இரண்டும் பிறர் கணக்குக்காக ஏறியவை, அணிந்தவரால் வாசிக்க முடியாதவை. ஆனால் பட்டியிலிருந்து வந்த கணக்கு வெளியிடப்பட்டது, யாரும் வாசிக்கலாம், அணிந்த யானையின் சார்பில் சாட்சி சொன்னது. வில்லையின் கணக்கு கங்காணியின் பெட்டிக்குள் இருந்தது. ஆளைக் கட்டிப்போட்டது தகரம் அல்ல, அந்தப் பேரேடு. ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் விவரம் எழுதிய 'துண்டு' வேண்டும். 1921 இல் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அதைவிடப் பெரிய துண்டான குடியுரிமையையே எடுத்துக்கொண்டது. 1964 ஒப்பந்தம் 9,75,000 பேரை இந்தியா, இலங்கை இரண்டுக்கும் இடையே எண்ணிப் பங்கிட்டது. 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தது. எஞ்சியவர்களுக்கு வழிவிட்ட 35 ஆம் இலக்கச் சட்டம் வர 2003 ஆனது.

அந்தக் காலக்கணக்கோடு ஊவாவின் இரத்தினக்கல்லையும் பார்க்கலாம். மொனராகலை மாவட்டத்து ஒக்கம்பிட்டிய, நவரத்தினத்தில் ஒன்றான கோமேதகத்துக்குப் பேர்போன ஊர். நல்ல கோமேதகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே பாகு நெளிவதைப் போன்ற அலை தெரியும். கண்ணாடித் துண்டிலிருந்து அசலைப் பிரிக்கும் அடையாளங்களில் அது ஒன்று. 2012 பெப்ரவரியில் லுணுகம்வெஹெரவிலிருந்து கதிர்காமத்துக்குப் போடப்பட்ட பாதையில் கொட்டிய மண்ணில் நீலக்கற்கள் கிடந்தன. தம்மன்னாவப் பகுதியிலிருந்து அள்ளிய மண். செய்தி பரவியதும் கூட்டங்கூட்டமாக வந்து வீதியையே கிளறினார்கள். காவல் போட்டு, பிறகு அரசே நிலத்தைத் துண்டு போட்டு ஏலம் விட்டது.

இரத்தினக்கல்லிலும் தொழில்நுட்பம் தலைகீழ் மாற்றம் செய்திருக்கிறது. பால் நிறத்தில் மங்கிக் கிடக்கும் 'கியுடா' கல்லை இலங்கையர் ஒரு காலத்தில் ஒதுக்கி எறிந்தார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போய், 1,500 பாகைக்கு மேல் சூடேற்றினார்கள். கல்லுக்குள் நுண்ணூசிகளாக இருந்த டைட்டானியச் சேர்மம் கரைந்து, கல் ஆழ்ந்த நீலமானது. குப்பை நீலமணியாகி ஐரோப்பியக் கழுத்துகளுக்குப் போனது; இலங்கையர் அந்த உலையைக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் பிடித்தன. இன்னொரு விந்தை, 1953 இல் எப். எல். டி. ஏக்கநாயக்க கண்டெடுத்த பச்சைக்கல். அவர் பெயரால் ஏக்கனைட் என்று வழங்கும் இதற்குள் தோரியம் இருக்கிறது. கதிர்வீச்சால் தன் படிக அமைப்பைத் தானே குலைத்துக்கொள்ளும் கல். சேகரிப்போர் தேடி வாங்குவார்கள், விரலில் அணிவதைத் தவிர்ப்பார்கள். இன்று நல்ல கல் ஒவ்வொன்றுக்கும் ஆய்வுகூடச் சான்றிதழ் கிடைக்கிறது: எடை, நிறம், சூடேற்றியதா இல்லையா, எந்த நாட்டு மண். ஊவா மண்ணில் பிறந்த ஒரு கல்லுக்குச் சில நாளில் கிடைக்கும் பிறப்பிடச் சான்று, அதே ஊவாவில் பிறந்த மனிதருக்குக் கிடைக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

2019 இல் இலங்கையின் பெயர் விண்வெளிக்கும் போனது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் தரிந்து தயாரத்ன, துலானி சாமிக்க என்ற இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கிய ஒரு கிலோ அளவிலான சிறு செய்மதி, ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17 இல் சுற்றுப்பாதையில் விடப்பட்டது. வைத்த பெயர் இராவணா-1. எல்லவில் இராவணன் அருவியும் குகையும் இருப்பதால் ஊவாவுக்கு இந்தப் பெயர் நெருக்கமானது. அடுத்த ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, இராவணனின் வான்பயணம் பற்றிய ஆவணம் வைத்திருப்போர் தருமாறு பத்திரிகையில் விளம்பரமும் செய்தது. புராணத்தில் பறந்தவனுக்கு ஆவணம் தேடுவதைவிட, செய்மதி செய்த இளைஞர்களைப் போல் இன்னும் நூறு பேரை உருவாக்கும் ஆய்வுகூடம் எங்கே வேண்டும் என்று தேடுவது பயன் தரும். பதுளையில் அதற்கு இடம் இருக்கிறது. 2005 இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம், விலங்கு விஞ்ஞானம், தேயிலைத் தொழில்நுட்பம், கனிய வளத் தொழில்நுட்பம் ஆகிய நான்கும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. இந்தக் கட்டுரை தொட்டுவந்த துறைகள் பல அங்கே ஒன்றாக இருக்கின்றன.

பயிர் அழிக்கும் விலங்குகளை எண்ணுவதில் அரசுக்கு வந்திருக்கும் ஆர்வம் புதியது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் போனது என்று அமைச்சர் அறிவித்தார். அடுத்த மாதம் 15 ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, பயிர் அழிக்கும் விலங்குகளை ஐந்தே நிமிடத்தில் நாடெங்கும் எண்ணும் பணி நடந்தது. விவசாயிகள் தோட்டத்தில் நின்று குரங்கையும் மயிலையும் எண்ணிப் படிவத்தில் எழுதினார்கள். முறை சரியா என்று விலங்கியலாளர்கள் கேட்டது நியாயமே. ஆனாலும் வெலிமடையில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் போடுபவரிடம் 'உன் பாத்தியில் என்ன வந்தது' என்று அரசு கேட்டது பெரிய காரியம்.

எல்லாக் கணக்கும் கடைசியில் வந்து நிற்பது கொழுந்து மடுவத்தில். பகல் நிறுவைக்குப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கொழுந்துக் கறையில் கறுத்து, ரேகை ஓடும் இடமெல்லாம் வெடித்திருக்கும். கூடையைச் சாக்கில் கவிழ்த்து, சாக்கைக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் ஆடி நிற்பதற்குள் ஓர் எண் எழுதப்படும். மழை நாளானால் ஈரத்துக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை கிலோ என்று கழிபடும். கழித்தது எவ்வளவு என்பது எழுதுபவரின் புத்தகத்துக்குத்தான் தெரியும். பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ என்று வைத்திருக்கும் நோம்ஸ் என்ற நாளளவுக்கு ஒரு கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. இந்தப் பூசல் மலையகத் தொழிற்சங்கங்களின் வயதை ஒத்தது.

இப்போது தொழிலாளியின் அட்டையை வாசித்து எடையைத் தானே பதிந்துகொள்ளும் மின்னணுத் தராசுகள் சில கம்பெனித் தோட்டங்களுக்கு வந்திருக்கின்றன. அட்டை நாடாவில் கழுத்தில் தொங்குகிறது. எழுத்தில் பிழை, வேண்டுமென்றே குறைத்தல் இரண்டும் இதனால் குறையக்கூடும். வரவேற்க வேண்டிய கருவி. இந்திய உதவியோடு இலங்கை உருவாக்கிவரும் டிஜிட்டல் அடையாளத் திட்டமும் கைரேகை, கருவிழி, முகம் மூன்றையும் பதியவிருக்கிறது. கைரேகை தேய்ந்த விரல் கருவியில் பதியாது என்பதைத் தமிழ்நாட்டு ரேஷன் கடைகள் அனுபவத்தில் கண்டு, கருவிழிக் கருவியையும் வைத்தன. கொழுந்து பறிக்கும் கைக்கு அந்த வசதி முதல் நாளே வேண்டும். ஆறு மாதம் அலையவிட்டு அல்ல.

தராசுக்கும் அதுபோல. முகப்பு, பறித்தவர் நிற்கும் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மொத்த எடை ஒரு வரி, ஈரத்துக்குக் கழித்தது ஒரு வரி, சாக்குக்குக் கழித்தது ஒரு வரி, நிகரம் ஒரு வரி என்று தமிழில் அச்சிட்ட சீட்டு கையில் வர வேண்டும், அல்லது போனுக்குக் குறுஞ்செய்தியாக வர வேண்டும். அன்றைய கணக்கு மாதச் சம்பளத் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கூட்டிப் பார்க்கும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றி வைத்திருக்கும் தரவைப் பார்க்கவும் பிழையிருந்தால் திருத்தக் கோரவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்கிறது. அதன் பிரிவுகள் கட்டம் கட்டமாகவே நடைமுறைக்கு வருகின்றன. சம்பள நிர்ணய சபையில் அடுத்த முறை அமரும் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் ரூபாய்க் கணக்கோடு இந்தச் சீட்டையும் மேசையில் வைக்கலாம். கருவி புதிதாக வரும் தோட்டங்களில் இதற்குப் பெருஞ்செலவில்லை; நிரலில் நான்கு வரி கூடுதல்.